இடக்கை நூற்ற நீலத்திரை

கையில் மணியை வைத்துக்கொண்டு, அதை அடிக்காமல் பொறுமை காக்கும் பெருந்தகை, நமது மன்றத் தலைவர் அவர்களே! மேடைக்கு அழகு சேர்க்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் கனிவுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் ஊன்றிய கால் நகராமல் வாசலில் நிற்கும் தோழர்களே! இவர்கள் எல்லோருக்கும் மேலாக, மூன்றாம் வரிசை ஓரத்தில், எப்போது நழுவலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் என் ஓர்ப்படி அக்காவே! உங்கள் அனைவருக்கும் என் இரண்டு நீலக் கைகளையும் கூப்பி வணக்கம்.

சற்றுமுன் தலைவர் என் கையைக் குலுக்கிவிட்டுத் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயப்படாதீர்கள் ஐயா, காய்ந்த சாயம் ஒட்டாது. ஒட்டுவதாக இருந்தால் என் வீட்டுக்காரர் இந்நேரம் தலையிலிருந்து கால்வரை நீலமாகியிருப்பார். சிரியுங்கள், சிரியுங்கள், அவரும் அங்கே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்பர்களே! நூல் நூற்பதும் சாயம் ஏற்றுவதும் என் பிழைப்பு. வெறும் பிழைப்பா? பேரின்பம் என்பேன்! பஞ்சைப் பதமாய்ப் பிடித்து, பையப் பைய இழுக்கும்போது விரல் நுனியில் பிறக்கிறதே ஓர் இழை, அந்தச் சுகத்துக்கு ஈடு உண்டா? சாயத் தொட்டியில் நனைத்த நூல் பச்சையாய் வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாய் மாறுகிறதே, அந்த அதிசயம் அலுக்குமா? இன்றைக்கும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன். ஈ புகுந்ததும் உண்டு.

இப்போது என் பின்னால் தொங்கும் இந்தத் திரைக்கு வருகிறேன். நெய்தவர், அதோ தூணில் சாய்ந்து நிற்கும் நெசவுக்காரம்மா. நூற்றவர்கள், நானும் அக்காவும். அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு ராட்டை. எங்களுக்குள் சண்டையே வராதா என்று கேட்கிறீர்களா? வரும், குழம்பில் உப்புப் போட்டது யார் என்பதில் தினமும் வரும். ராட்டை முன்னால் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் மறந்துபோகும். நான் வலக்கையால் சக்கரத்தைச் சுற்றுவேன். அக்கா இடக்கைக்காரி, இடக்கையால் சுற்றுவாள். வாய் ஒருபக்கம் ஊர்க்கதை பேசும், கை ஒருபக்கம் நூல் நூற்கும்.

இந்த மேடைக்குத் திரை வேண்டும் என்று மன்றத்தார் கேட்கும்வரை அவரவர் நூல் அவரவர் வழியில் போய்க்கொண்டிருந்தது. திரை என்றால் கனம் வேண்டுமே, இழையை இரட்டையாக முறுக்க வேண்டுமே! முதல்முறையாக என் இழை ஒன்றையும் அக்காவின் இழை ஒன்றையும் சேர்த்து முறுக்கினோம். ஒட்டினவா? ஒட்டவே இல்லை! என்னுடையது தளர்ந்து தொங்கியது. அவளுடையது இறுகிச் சுருண்டு, வெடுக்கென்று அறுந்தது. என் சக்கரம் ஒரு திசையில் சுற்ற, அவள் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறது; இழைகளின் முறுக்கும் எதிரெதிராய் விழுந்திருக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் இது எங்கள் மண்டையில் உறைக்கவே இல்லை.

அக்கா அறுந்த நூலைப் பார்த்தாள். சிறுவயதில் பேனாவைத் தொட்டாலும் தட்டைத் தொட்டாலும் அந்தக் கைக்காக அடி வாங்கியவள் அவள்.

"எல்லாம் இந்தப் பீச்சாங்கையால வந்த வினை. இனிமே நீயே நூத்துக்கோ. என்னால உன் உழைப்பும் வீணாப் போக வேண்டாம்" என்று சொல்லி, ராட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

கெஞ்சினேன், கொஞ்சினேன், கோபித்துக்கொண்டும் பார்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை. எதிரே ஆள் இல்லாமல் நூற்பது எனக்குப் பிடிக்கவில்லை ஐயா! அழுகையாய் வந்தது. உப்புச் சண்டைகூட நின்றுபோன வீட்டில் சோறு எப்படி இறங்கும்?

பாதித் திரைக்கான நூலை அக்கா முன்னமே நூற்று வைத்திருந்தாள். நெசவுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, அவள் இழையை அவள் இழையோடும் என் இழையை என் இழையோடும் சேர்த்து முறுக்கச் சொன்னார். கெட்டியாக நின்றது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில், ஒரே சாயத்தில் நனைத்தேன். கலந்து நெய்தால் துணி சுருளும் என்று, என் நூல் ஒரு பட்டை, அக்கா நூல் ஒரு பட்டை என்று மாற்றி மாற்றித் தறியில் ஏற்றினார். தறியில் பார்த்தால் எல்லாம் ஒரே நீலம்.

நேற்று மாலை திரையை இங்கே தொங்கவிட்டோம். நம் விளக்கண்ணன் ஒவ்வொரு விளக்காகப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் நம்பமாட்டாள், ஆறுதலுக்கு அளக்கிறேன் என்பாள். அவள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றுதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இங்கே கூட்டி வந்தேன்.

தலைவர் மணியைத் தூக்குகிறார். ஐயா, ஒரே ஒரு நிமிடம்! விளக்கண்ணே, முன்விளக்கை அணையுங்கள். ஓரத்து விளக்கைப் போடுங்கள்.

பார்த்தீர்களா! பார்த்தீர்களா மக்களே! ஒரே தொட்டி, ஒரே சாயம், ஒரே நீலம். பின் எங்கிருந்து வந்தன இத்தனை கோடுகள்? ஒரு பட்டை மங்கலாய், ஒரு பட்டை மின்னலாய், மேலிருந்து கீழ்வரை! என் முறுக்கு ஒரு பக்கம் சாய்கிறது, அக்காவின் முறுக்கு மறுபக்கம் சாய்கிறது, அதனால் வெளிச்சம் இரண்டு விதமாய்ப் படுகிறது. இரண்டு வலக்கைகள் நூற்றிருந்தால் இது என்னவாகியிருக்கும்? வெறும் நீலத்துணி! இந்த ஒளி யார் தந்தது? இந்த அழகு யார் தந்தது? அடி வாங்கிய கை தந்தது! அக்காவின் இடக்கை தந்தது! எனக்குத் தட்டாதீர்கள், மூன்றாம் வரிசையைப் பார்த்துத் தட்டுங்கள்!

அக்கா எழுந்துவிட்டாள். அக்கா, கதவு அந்தப் பக்கம்! இல்லை, மேடைக்குத்தான் வருகிறாள். வழி விடுங்கள் தாய்மார்களே. திரையைத் தொட்டுப் பார்க்கிறாள். எந்தக் கையால் என்று கவனியுங்கள்! என்னக்கா? ஒலிபெருக்கியில் சொல்லேன். வெட்கப்படுகிறாள். என் காதில் சொன்னதை நானே சொல்லிவிடுகிறேன்:

"பேசினது போதும், வீட்டுக்கு வா. ராட்டையை இறக்கணும், ஏணியைப் பிடிக்க ஆள் வேணும்."

தலைவர் அவர்களே, இனி நீங்கள் தாராளமாக மணியடிக்கலாம். பொறுத்த உங்களுக்கும், சிரித்த உங்களுக்கும், எங்கள் நூலுக்கு வெளிச்சம் காட்டிய விளக்கண்ணனுக்கும் நன்றி. எனக்கு ஏணி பிடிக்கும் வேலை வந்துவிட்டது. வருகிறேன், வணக்கம்!