உலகத்துல வேற எங்கயும் இல்லாத நத்தை

ஹலோ... ஹலோ, அண்ணியா?... நான்தான் அண்ணி, உங்க கொழுந்தன். பம்ப் ஸ்டேஷன்லேருந்து பேசறேன்... ம்... ம்... அண்ணன் நல்லாத்தான் இருப்பார், அவருக்கென்ன. மியூசியத்துல பக்கத்துல யாராவது இருக்காங்களா? கதவைச் சாத்திட்டு உக்காருங்க... இல்ல இல்ல, வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் ஆயிருக்கு. நான் கொலைகாரன் ஆயிட்டேன் அண்ணி.

...மனுஷனை இல்ல! நத்தைய! உங்க நத்தைய!

ஆமா... ஆமா, அதேதான். கறுப்பா, சுண்டுவிரல் நகம் சைஸ்ல. ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலி மருந்து பாட்டில்ல போட்டுக் கொண்டுவந்து குடுத்தேனே, இது என்ன எழவுன்னு கொஞ்சம் பாருங்க அண்ணின்னு. வேலில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டேன். நீங்களும் பாத்தீங்க. பாத்தீங்க, பாத்தீங்க, ஏழு வருஷம் பாத்தீங்க. அதோட பல்லையெல்லாம் எண்ணினீங்க... சரி, வரிசைக்கு ஏழு பல்லு, ஒத்துக்கறேன். எங்கண்ணன் நாலு நாள் பல்வலின்னு துடிச்சாரே, ஒரு தடவையாச்சும் வாயைத் தொறங்கன்னு சொன்னீங்களா?... சிரிக்காதீங்க அண்ணி. நான் வயித்தெரிச்சல்ல பேசறேன்.

போன மாசம் உங்க கட்டுரை வந்துச்சு. புது நத்தைன்னு நிரூபிச்சீங்க, பேரு வெச்சீங்க, எல்லாரும் கைதட்டினோம். நான்தான் முதல்ல தட்டினேன். அதுல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க... ம், அதேதான். "இந்த ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இதுவரை பதிவாகவில்லை." ...உண்மைதான். யார் இல்லைன்னா? உண்மைய எழுதறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

என்ன ஆச்சா? காலைல உயிரினப் பாதுகாப்பு ஆபீஸ்லேருந்து ஓலையோட ஒரு ஆளு வந்து நிக்கறார். உலகத்துலயே ஒரே ஒரு ஏரியிலதான் இருக்காம். அதனால அபூர்வமாம். அதனால அதைக் கொன்னா ஜெயிலாம்... எது, அபூர்வமா? விடிஞ்சதுலேருந்து நான் மண்வெட்டியால அள்ளிக்கிட்டிருக்கேன் அண்ணி அபூர்வத்தை!

ஆமா... ஆமா, அடுத்த வரியில எழுதியிருக்கீங்க. வெளியிலேருந்து வந்தது, எங்கேருந்துன்னு தெரியலை, பரவ விடக்கூடாது. தெரியும் அண்ணி, அந்தப் பக்கத்தையே எடுத்து அவர் மூக்குக்கு நேரா நீட்டினேன். என்ன சொன்னார் தெரியுமா? எங்க படிவத்துல ஒரு கட்டம்தான் சார் இருக்கு, வேற எடத்துல உண்டா, இல்லையா. இல்லைன்னு போட்டாச்சு. ரெண்டாவது வரிக்குக் கட்டம் இல்லையாம்.

...திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. ஆனா எனக்கு ஒரு வழி சொல்லிட்டுத் திட்டுங்க. அந்த ஆளு செத்த நத்தைய மட்டும் தனியா எண்ணி வெச்சிருக்கார். நாலாயிரத்துப் பன்னண்டு. அந்தப் பன்னண்டைச் சொல்லும்போது அவர் குரலே கம்மிப்போச்சு.

ஒரு நிமிஷம், லைன்ல இருங்க... என்னய்யா ஆப்பரேட்டரே?... பிரஷர் ஊசி எங்க நிக்குது?... ரெண்டா? அட ராமா... இல்ல, மோட்டாரை நிறுத்தாதே. சல்லடைகிட்டயும் போகாதே, அந்த ஆளு பாத்துக்கிட்டிருக்கார்... அண்ணி, கேட்டீங்களா? தண்ணி இழுக்கற சல்லடைய நத்தை அடைச்சுக்கிச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல சுத்தம் பண்ணலைன்னா ஆஸ்பத்திரி டேங்க்குக்குத் தண்ணி ஏறாது. ஆபரேஷன் பண்ற டாக்டர் கை கழுவ முடியாம நிப்பார், இங்க நத்தை கால் நீட்டிப் படுத்திருக்கும்... சரி, கால் இல்ல, ஒரே கால். இப்ப அதுவா முக்கியம்?

ஒரே ஒரு லெட்டர் குடுங்க அண்ணி. வேற ஊர்லயும் இருக்குன்னு... பொய்தான். தெரியும்... ம்... ம்... உங்க படிப்பு, உங்க பேரு, எல்லாம் சரி... சரி, கத்தாதீங்க. பொய் சொல்ல வேணாம். நான் உண்மையாக்கிடறேன். ஒரு வாளி எடுத்துட்டுப் போய் மேல ஏரியில கொட்டிட்டா ரெண்டு எடம் ஆயிடுமில்ல...

ஐயோ! காது, காது!... சும்மா சொன்னேன் அண்ணி... கொட்டலை, சத்தியமாக் கொட்டலை... என்னது? ஒண்ணே ஒண்ணு போதுமா?... ஆம்பளையே வேணாமா?... தானாவே குட்டி போடுமா! அடிப்பாவி... உங்களை இல்ல, நத்தைய... மூணே வருஷத்துல ஏரி முழுக்கவா?... பாசியெல்லாம் தின்னு, மீனெல்லாம்... ம்... ம்... புரியுது. மேல ஏரித் தண்ணிதான் அஞ்சு ஊருக்கும் போகுது. புரியுது அண்ணி. வாயைக் கழுவிக்கறேன்.

உயிரோட இருக்கறதா? அதை அந்த ஆபீஸர்தான் லாரியில ஏத்திக்கிட்டிருக்கார். பதினெட்டு வாளி. கையுறை போட்டு, ஈரத்துணி மூடி, பொறந்த கொழந்தை மாதிரி... எங்க போகுதுன்னா... தெரியலையே. இருங்க, கேக்கறேன். சார்! சார், லாரி எங்க போகுது?... என்னது?... எத்தனை?

அண்ணி.

அண்ணி, கேக்குதா?... மேல ஏரிக்காம். அதோட சேத்து வரிசையா ஒம்பது ஏரி. ஒரே எடத்துல இருந்தா அழிஞ்சு போயிடுமாம், அதனால ஏரிக்கு ரெண்டு வாளி விடறாங்களாம். பாதுகாப்புக்கு... நானும் கேட்டேன், ஒம்பது ஏரியில இருந்தா அது அபூர்வமான்னு. இல்லையாம். அப்புறம் தாராளமாக் கொல்லலாமாம்.

அண்ணி?... அழறீங்களா?

அழாதீங்க அண்ணி... ஆமா. ஆமா, எச்சரிக்கத்தான் எழுதினீங்க. கண்ணு கெட, முதுகு கூன அதுக்குத்தான் உக்காந்தீங்க. எனக்குத் தெரியாதா? நான் ஒரு கிறுக்கன், பல்லு, பல்வலின்னு கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன்.

...ம்? நோட்டீஸா? பின்பக்கம் ஏதாவது இருக்கான்னா... இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். பொடி எழுத்து. ஒம்பது, ஆள் பேரு எழுதணும்... பத்து, அபராதம்... பதினொண்ணு, "குற்றம் நடந்த இடத்தில் உயிருடனோ இறந்தோ காணப்படும் இவ்வுயிரினம் யாவும் சான்றுப் பொருளாக முத்திரையிடப்பட்டு, வழக்கு முடியும்வரை வேறெங்கும் கொண்டுசெல்லப்படாது." ...அவ்வளவுதான். அடுத்தது பன்னண்டு... அண்ணி? பதினொண்ணுல என்ன? இன்னொரு தடவை படிக்கவா?

ஓ.

கேஸ் இருந்தா இந்த வாளி எதுவும் நகராது... இல்ல, என் மேல கேஸ் போடலை. முதல் தடவைங்கறதால தெரியாமச் செஞ்சேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, விட்டுடறேன்னார். இன்னும் போடலை. அவர் பேனா எழுதலை.

ஆமா, எட்டு மாசம்தான் இருக்கு ரிட்டயராக. பென்ஷனுக்கு ஆபத்துதான்... நீங்க ஒண்ணும் சொல்லலையே, நானாத்தானே படிச்சேன்... வேணாம்னு சொல்லாதீங்க. கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகும்? நம்ம மாமாவோட சுவர்த் தகராறே பதினாறு வருஷம் ஓடிச்சு. முத்திரை வெச்ச வாளிக்குள்ள இது எத்தனை நாள் தாங்கும்?... உங்களுக்கும் அது மேல பாசம் இருக்கும், தெரியுது அண்ணி... ம். சரி.

லாரியை ஸ்டார்ட் பண்ணிட்டான். ஃபோனை வெக்காதீங்க, லைன்லயே இருங்க... ஏய்! டிரைவரே! நிறுத்துய்யா! நான் பானட்டு முன்னாடிதான் நிப்பேன், ஏத்துறதுன்னா ஏத்து!... சார், கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். தெரியாம எல்லாம் இல்ல. தெரிஞ்சே கொன்னேன். நாலாயிரத்துப் பன்னண்டும் நான்தான்!... பாத்தவங்க வேணுமா? இதோ... இதோ, நசுக்கினேன். நாலாயிரத்துப் பதிமூணு. எண்ணிக்கிட்டீங்களா? ஆப்பரேட்டரே, சல்லடையைச் சுரண்டுய்யா! எல்லாம் என் மேலயே எழுதட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன!

...எழுதுங்க சார், கேஸை எழுதுங்க. பிரிவு பதினொண்ணு, பின்பக்கம், நீங்க குடுத்த காகிதம்தான். அந்த வாளியெல்லாம் சான்று. முத்திரை வைங்க... அதுக்குக் கட்டம் இருக்கா? நல்லாப் பாருங்க, இருக்கும்!

அண்ணி... இல்ல, பயமெல்லாம் ஒண்ணுமில்ல. அண்ணன்கிட்ட பக்குவமாச் சொல்லுங்க... என்ன சார்? ஃபோனா? குற்றம் நடந்தப்ப கையில இருந்ததா?... ஆமா, இருந்துச்சு... அதுவும் சான்றா?... குடுக்கறேன், குடுக்கறேன், ஒரே நிமிஷம்... அண்ணி, கேக்குதா? இறக்கறாங்க. வாளிய எல்லாம் கீழ இறக்கறாங்க அண்ணி! பதினாறு... பதினேழு... இன்னும் ஒண்ணுதான், அதையும் பாத்துட்டுக் குடு...