பின்பக்கத்துக் கூரைத் தண்ணி

ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? பின்னாடி உக்காந்திருக்கிற அண்ணன்மாரே, உங்களுக்கும்தான்... கேளுங்க.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு ஊரு. அங்க கருத்தப்பாண்டின்னு ஒருத்தர், அவரு சம்சாரம் மாரித்தங்கம். ஊர்க் குழாயில வர்றது உப்புத் தண்ணி. வாயில வைக்க முடியாது. குடிக்க, சோறாக்க எல்லாத்துக்கும் வாசல்ல இருக்கிற மழைத்தண்ணித் தொட்டிதான். ஆனா அந்தத் தொட்டி... என்ன மழை பெஞ்சாலும் பாதிதான் நிறையும். மாசி பொறந்தா காலி! அப்புறம் மாரித்தங்கம் குடத்தைத் தூக்கிக்கிட்டு பக்கத்து ஊருக்கு நடக்கணும்.

கருத்தப்பாண்டி என்ன சொன்னாரு தெரியுமா? "தொட்டி சரியில்லடி. இடிச்சுட்டுப் பெருசா கட்டப் போறேன்!"

பாதிக்கு மேல நிறையாத தொட்டியைப் பெருசா கட்டுனா நிறையுமாய்யா? நிறையுமா?

ஒருநாள் நல்ல மழை. பக்கத்து வீட்டு சீனியம்மா வெளிய வந்து கத்துது. மழை பெஞ்சாலே கத்தும். "நாசமாப் போற தண்ணி! என் அடுப்படிச் சுவரு போச்சே!" எப்பவும் காதைப் பொத்திக்கிற மாரித்தங்கம், அன்னைக்கு நனைஞ்சுக்கிட்டே பின்னாடி போய்ப் பார்த்தா...

அவங்களது ஓட்டு வீடு. கூரை முன்னாடி ஒரு சரிவு, பின்னாடி ஒரு சரிவு. முன்பக்கத் தண்ணி தகர வாய்க்கால்ல ஓடித் தொட்டிக்கு வருது. பின்பக்கத் தண்ணி? கொட்டு கொட்டுன்னு சீனியம்மா சுவத்து மேல!

ஓடி வந்தா. "ஏங்க! அந்தம்மா இத்தனை வருஷமா நம்ம குடிதண்ணியத்தாங்க திட்டிக்கிட்டு இருக்கு!"

பின்பக்கமும் தகரம் அடிச்சு, குழாய் போட்டு முன்னாடி கொண்டுவரணும். ஆனா ஏணி போட இடம்? சீனியம்மா வீட்டு வாசல் முத்தத்துலதான். கருத்தப்பாண்டி, "இத்தனை வருஷம் திட்டுனவ முத்தத்தை நான் மிதிக்க மாட்டேன்" அப்படின்னாரு. மாரித்தங்கம் மிதிச்சா! நேரா போய் நின்னா. "மதினி... உங்க சுவரு எங்களாலதான் போச்சு. சரி பண்ண விடுங்க."

சீனியம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "நான் கத்துனதுதான் உங்க காதுல விழுந்துச்சு. என்னாச்சுன்னு ஒருத்தராச்சும் வந்து கேட்டீங்களா?"... அவ்வளவுதான். "ஏணியைக் கொண்டா"ன்னுருச்சு!

வேலை நடக்குது. தகரம் அடிச்சாச்சு, குழாய் வந்தாச்சு. தொட்டி வாயில கடைசி எல்போவை, அந்த வளைவுக் குழாயைச் சொருகணும்... இருட்டிக்கிட்டு வந்துச்சு பாருங்க மழை! கருத்தப்பாண்டி ஏணி மேல. கீழ குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? சீனியம்மா!

"முதல் தண்ணி அழுக்கு, வெளிய போகட்டும்!"ன்னு மேல இருந்து சத்தம் போடுறாரு.

"தெரியும்யா, நீ கீழ விழுந்துராத!"

கூரை கழுவி, தண்ணி தெளிஞ்சுச்சு. மாரித்தங்கம் கத்துறா, "மதினி, திருப்புங்க! இப்பத் திருப்புங்க!"

திருப்புச்சு பாருங்க... தடதடன்னு தொட்டிக்குள்ள இறங்குது! மூணு பேரும் தொப்பலா நனைஞ்சு நிக்கிறாங்க. அரைத்தொட்டி ஆச்சு... முக்கால் ஆச்சு... "ஏய் நிறையுதுடி!"ன்னு கருத்தப்பாண்டி சின்னப்புள்ள மாதிரி குதிக்கிறாரு. தொட்டி வழிஞ்சே போச்சு! சீனியம்மா சுவத்துல? ஒரு சொட்டு இல்ல!

அந்த வருஷம் பங்குனி தாண்டியும் தொட்டியில தண்ணி கிடந்துச்சு. ரெண்டு வீட்டு உலையும் அந்தத் தண்ணியிலதான் கொதிச்சுச்சு.

தாய்மாரே... அதே மழை, அதே கூரை, அதே தொட்டி! மாறுனது என்ன? வழி. வானம் குறை வைக்கலைங்க. நாமதான் பாதியை அடுத்தவன் சுவத்துல விட்டுட்டு, பத்தலை பத்தலைன்னு அழுறோம். தண்ணிக்கு மட்டுமா சொல்றேன்? உங்க பாசம், உங்க உழைப்பு... பாதி எங்க கொட்டுது, யாரை நோகடிக்குது?

ஐப்பசி வரப்போகுது. வீட்டுக்குப் போனதும் பின்பக்கம் போய் அண்ணாந்து பாருங்க. அந்தப் பக்கத்துல யாராச்சும் கத்துனா காதைப் பொத்தாதீங்க... போய்க் கேளுங்க!