சின்ன சார்ஜரே போதும்

ராபர்ட்சன்பேட்டை பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் அவர்களைப் படித்தேன்.

"இன்னாங்க, புள்ளயோட பேட்டரி காருக்கு வூட்ல சார்ஜர் வைக்க இவ்ளோ செலவா?" என்றார் மனைவி.

"ஒயர் பழசு, மாத்தணும். எர்த்துக்குக் குழி வெட்டணும்."

"குழிய நீங்களே வெட்டுங்க. தங்கச் சுரங்கத்துல இத்தினி வருசம் வேற இன்னா பண்ணீங்க?"

கணவர் சிரித்தார். "சின்ன சார்ஜரே போதும்னு சொல்லிட்டேன்."

"அதுல சார்ஜ் ஏற ராத்திரி பூரா ஆவுமாமே! பெரிசுன்னா சாயங்காலத்துக்குள்ள ஏறிடுமாம். பெத்த புள்ளைகிட்டயா கஞ்சத்தனம்?"

"ஏறிடும். ஏறினதும் பெங்களூருக்குக் கெளம்பிடுவான். நம்ம வூட்ல அவன் ஒரு ராத்திரி படுத்து எவ்ளோ நாளாச்சு?"

அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்ப அவனுக்குக் காலையில இட்லிக்கு மாவு ஆட்டி வைக்கணும்."