நோன்பு முடியட்டும்

— ஏன்னா, நாளைக்கு வரலக்ஷ்மி நோன்பு முடியட்டும். சனிக்கிழமை கார்த்தால நானே அவகிட்ட சொல்லிடறேன்.

— ஆத்துக்காரன் போயிட்டான்னு தெரிஞ்சுண்டே அவ நெத்தியில நீ குங்குமம் இடுவியா, வைதேஹி?

— மெதுவாப் பேசுங்கோ. லீலாவதி கூடத்துலதான் கோலம் போட்டுண்டிருக்கா. நிச்சயம்தானா? உங்க டெல்லித் தமிழ்ச் சங்கத்துல நாளுக்கொரு வதந்தி.

— வதந்தி இல்லை. ஆர்.கே.புரம் சங்கத்துக்கு இன்னிக்கு ஒரு கொழும்புக்காரர் வந்தார். இவ ஆத்துக்காரன் ஜோதிலிங்கம் கடைக்கு எதிர்க்கடை அவரோடது. போன வருஷம் கலவரத்துல ஆளை உள்ளே வச்சே கொளுத்திட்டாளாம்.

— முருகா. அந்தக் குழந்தை இன்னிக்குக்கூட அப்பா எப்போ வருவார்னு கேட்டுதே.

— அச்சா. அதுக்காகவாவது இப்பவே சொல்லணும்.

— சொன்னா நாளைக்கு அவளை எந்த மூலையில உக்காத்தி வைப்பேன்? லக்ஷ்மிபாய் நகர்ல பாதிப் பேர் தாம்பூலத்துக்கு வரா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, நெத்தி நிறையக் குங்குமத்தோட வாசல்ல வந்து நின்னவன்னா அவ. மஹாலக்ஷ்மியே வந்துட்டான்னு கையைப் பிடிச்சு உள்ளே அழைச்சேன்.

— அகதிகளை ஏத்திண்டு வந்த சங்கத்து வேன்ல அவளோட வந்த தங்கத்தை அழைக்கலையே. வெறும் நெத்தியைப் பார்த்ததும், நோன்பு எடுக்கற வீடு, இடமில்லைன்னுட்டே.

— எனக்கும் மனசு கேக்கலை. புடவை கொடுத்துத்தானே அனுப்பிச்சேன்.

— அச்சா. புடவை.

— வரா. வாயைத் திறக்காதேங்கோ.

— அக்கா, கோலம் முடிஞ்சுது. கலசத்துக்குத் தேங்காய் எடுத்து வைக்கட்டே?

— உக்காரும்மா லீலாவதி. ஒரு சேதி வந்திருக்கு. ஜோதிலிங்கம்...

— ஏன்னா, வேண்டாம்.

— நீங்கள் கஷ்டப்படாதேங்கோ அண்ணை. எனக்குத் தெரியும். கடைக்குள்ள கிடந்த என்ர மனுசனை அடையாளம் காட்டினதே நான்தான்.

— அப்போ இந்தக் குங்குமம்? இத்தனை நாளா, என் அடுக்களையில...

— தங்கம் அக்கா எனக்கு முன்னால படியேறினவ. நீங்கள் அவவுக்குச் சொன்னது எனக்குக் கீழ கேட்டது. தோளில பிள்ளை காய்ச்சலில கொதிச்சுக்கொண்டு கிடந்தவள். மலை மந்திர் முருகன் கோயில்ல தந்த குங்குமம் கைக்குள்ள இருந்தது, அக்கா. படியில வச்சே இட்டுக்கொண்டுதான் மேல வந்தனான்.