காதுவரை நீண்ட கண்

இரு தரப்பையும் கேட்ட பிறகே வாக்கெடுப்பு என்று உறுதியளித்து, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் பூபதி மஜும்தார் அவர்களே! பூசைக் குழுவின் செயலாளரும், எனக்கு அண்ணன் முறையில் நிற்பவருமான ஹரேன்தா அவர்களே! பந்தல் மூங்கில்களுக்கு நடுவே இடம் தேடி அமர்ந்திருக்கும் முதியோர்களே! அடுப்பில் மீன்குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு நியாயம் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! தரையில் இடமிருக்க மூங்கில் சாரத்தில் ஏறியிருக்கும் தம்பிமார்களே, கவனம், நாளை துணி கட்ட வேண்டிய சாரம் அது! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் முறை. நம் வாசகசாலை மாடியில், அதசிதி, அதாவது அதசி அக்கா, என்று நாம் அன்போடு அழைக்கும் ஓவியர் அதசி சன்யால் ஞாயிறுதோறும் நடத்தும் வகுப்பில் நானும் ஒரு மாணவன். உயிருள்ள மனித உடலை எதிரே நிறுத்தி, கண்ணால் கண்டதைக் கரித்துண்டால் எழுதப் பழகும் வகுப்பு அது. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன். ஆனால் நேரில் கண்ட சாட்சி. காணாதவர்கள் தீர்ப்பெழுதும் இந்த நாளில், கண்டவன் வாய் மூடலாமா?

இன்று உங்கள்முன் இரண்டு தீர்மானங்கள். ஒன்று, அந்த வகுப்பை இழுத்து மூடுவது. மற்றொன்று, அங்கே நாங்கள் பார்த்து வரைவதற்காகக் கூலிக்கு நிற்கும் பாருல் கயால் என்ற பெண்மணி, மகாளய அமாவாசைக்குள் தன் அறையைக் காலி செய்து, நம் பேட்டையை விட்டே போய்விட வேண்டும் என்பது. முதலாவது நிறைவேறினால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமையை இழப்போம். இரண்டாவது நிறைவேறினால் ஒரு பெண் தன் கூரையை இழப்பாள். கல்கத்தாவில் இன்னொரு கூரை அவ்வளவு எளிதில் கிடைக்கிறதா? வீட்டில் மகனுக்குப் பெண் பார்ப்பதைவிட வாடகைக்கு வீடு பார்ப்பது கடினம் என்று நீங்களே சொல்வீர்களே!

பின்வரிசையில் யாரோ, "வக்கீல் பாபு, விஷயத்துக்கு வாங்க!" என்கிறார். வருகிறேன் ஐயா. விஷயம் இதுதான்.

எங்களுடன் பயில்பவர் நிஹார் மோதக். ரசகுல்லா உருட்டும் கையால் கரித்துண்டும் பிடிப்பவர். அவர் பாருலைப் பார்த்து வரைந்தார். தோள் வந்தது, இடுப்பு வந்தது, உடலின் பாரம் தாங்கும் காலும் ஒருவாறு வந்தது. முகத்துக்கு வந்ததும் கை தானாக ஓடியது. இரண்டு கண்களையும் காதுவரை நீட்டிவிட்டார். நீட்டியது யார் கண்? ஆண்டுதோறும் இதே பந்தலில் நாம் கைகூப்பி நிற்கும் துர்கை அம்மாவின் கண்!

அதசிதி அப்போதே கேட்டார்: "என்ன மோதக் பாபு இது? பாருல் கண்ணு அங்கயா முடியுது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"தெரியலையே தீதி! பொம்பளை முகம்னு நெனச்சாலே என் கைக்கு இதுதான் வருது. பொறந்ததுலேருந்து பாக்குற கண்ணாச்சே."

ஓய்வு நேரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாருலும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயோ, எனக்கு இம்மாம் பெரிய கண்ணு இருந்திருந்தா, சியால்தா ரயில்ல தூரத்துலயே பாத்து தெனம் எடம் புடிச்சிருப்பேனே!"

நிஹார் பாபு செய்தது பிழை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன பிழை? பார்த்ததை வரையாமல் பழகியதை வரைந்த பிழை. நம் பேட்டையில் பென்சில் பிடிக்கும் எவரும் தப்பாத பிழை. வேறு ஊரில் பிறந்தவனுக்கு இந்தக் கண் வராது. அவனுக்கு வேறேதோ வரும். நமக்கு அம்மாவின் கண்தான் வரும்! அது அவமதிப்பா? விரலுக்குள் ஊறிய பக்தி அல்லவா?

அந்தப் படம், திருத்துவதற்கு முன்பே, வாசகசாலைத் தாழ்வாரக் கண்காட்சியில் கொடிக்கயிற்றில் தொங்கிவிட்டது. தொங்கவிட்டது கவனக்குறைவு. அதையும் மறைக்கவில்லை. ஹரேன்தா பார்த்தார், மனம் கொதித்தார். "அம்மாவை இப்பிடியாடா வரைவீங்க? துணியில்லாம? கை வெளங்குமா உங்களுக்கு?" என்று கத்தினார். அந்தக் கொதிப்பில் கபடம் இல்லை. அவர் பக்தியை நான் ஐயுறவில்லை. அன்றே அதசிதி படத்தை இறக்கினார்; நிஹார் பாபு குழுவின்முன் தலைகுனிந்து வருத்தம் தெரிவித்தார். அங்கே முடிந்திருக்க வேண்டாமா இது? நியாயமாகச் சொல்லுங்கள், முடிந்திருக்க வேண்டாமா?

முடியவில்லையே! மறுநாள் காலை, தெருக்குழாயடியில், குடம் நிறையக் காத்திருந்த பாருலிடம் ஹரேன்தா சொன்னது என்ன? என் காதால் கேட்டதைச் சொல்கிறேன். தவறிருந்தால் அவர் இங்கேயே மறுக்கலாம்.

"மகாளயத்துக்குள்ள பெட்டியக் கட்டிடு. வீட்டுக்காரன்கிட்ட பேசியாச்சு."

"எதுக்கு ஹரேன்தா?"

"எதுக்கா? படத்துல நின்னது நீதானே!"

"நான்தானா? நேத்து அம்மான்னு சொன்னீங்களே. அம்மான்னா நான் இல்ல. நான்னா அது அம்மா இல்ல. எதுக்கு என்னைத் தொரத்துறீங்க?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு!"

பெரியோர்களே, இதற்குப் பெயர் பதிலா? அந்தப் பெண் கேட்ட கேள்வியையே இந்த அவையின்முன் நானும் கேட்கிறேன். படத்தில் இருப்பது அம்மா என்றால் பாருல் எப்படிக் குற்றவாளி ஆவார்? படத்தில் இருப்பது பாருல் என்றால் அம்மாவுக்கு எங்கே அவமதிப்பு? இரண்டு குற்றச்சாட்டும் ஒரே காலில் நிற்குமா? ஒன்று எழுந்தால் மற்றது விழுகிறதே!

வரைந்தவர் மோதக். தொங்கவிட்டவர்கள் நாங்கள். தண்டனை மட்டும் நின்றவருக்கு! ஏன்? மோதக்குக்கு மிட்டாய்க் கடை இருக்கிறது. அதசிதிக்குப் பெயர் இருக்கிறது. எனக்குக் கறுப்பு அங்கி இருக்கிறது. பாருலுக்கு என்ன இருக்கிறது? ஒரு வாடகை அறை. அதனால்தானே கை அங்கே நீள்கிறது? "கூலிக்குத் துணி அவுக்கிறவ" என்று இங்கே ஒருவர் முணுமுணுத்தார். கேட்டேன் ஐயா, கேட்டேன்! பாதத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஓய்வு முடிந்ததும் அதே கோட்டுக்குள் அதே விரலை வைத்து, கால் மரத்துப்போனாலும் முகம் சுளிக்காமல் நிற்பது உழைப்பு. அந்த உழைப்பைப் பழிக்கும் நாக்கு, அட்டமிப் பூசைக் கிச்சடியைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதே, அதற்குக் காய் நறுக்கியது யார் கை? அப்போது தீட்டாகாத கை இப்போது எப்படித் தீட்டாயிற்று?

பூசைக் குழுவுக்கு ஒரு குடியிருப்பாளரை வெளியேற்றும் அதிகாரம் சட்டத்தில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அதை இங்கே வாதாடப் போவதில்லை. சட்டத்தால் ஒரு பெண்ணுக்கு அறையைக் காப்பாற்றித் தரலாம்; குழாயடியில் அவருக்கு மரியாதையைச் சட்டம் வாங்கித் தராது. அதை நீங்கள்தான் தர வேண்டும்.

வகுப்பை மூடச் சொல்கிறீர்கள். மூடினால் என்ன ஆகும்? மோதக்கின் கை திருந்துமா? பாராமல் வரைந்ததால் வந்த பிழை, பார்க்கவே கூடாது என்பதால் தீருமா? அம்மாவுக்கு அம்மாவின் கண்ணையும் பாருலுக்குப் பாருலின் கண்ணையும் தரக் கற்பிக்கும் ஒரே இடத்தை மூடிவிட்டு, எந்த மரியாதையைக் காக்கப் போகிறீர்கள்?

ஹரேன்தா, கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளாகத் தினமும் குழாயடியில் பாருலைக் கடந்து போகிறீர்களே. இதே கூட்டத்தில் இருக்கும் அவரைத் திரும்பிப் பாராமல் சொல்லுங்கள், அவர் கண் எப்படி இருக்கும்?

என்ன? "கண்ணு, கண்ணு மாதிரிதான் இருக்கும்" என்கிறாரா? சிரிக்காதீர்கள் நண்பர்களே, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இடது இமை சற்றே தாழ்ந்தது. புருவத்தின் ஓரத்தில் எண்ணெய் தெறித்த வடு. சிரித்தால் அந்த இமை முழுவதும் மூடிக்கொள்ளும். எங்களுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் அதைத்தான் நாங்கள் கற்றோம். ஒரு மனிதரைப் பார்க்கக் கற்றோம்! உடலைப் பார்த்தோம் என்று எங்களைக் குற்றம் சாட்டும் நீங்கள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே!

ஆகவே தலைவர் அவர்களே, ஒரே ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். பாருலை வெளியேற்றக் கை தூக்க விரும்புகிறவர் இருந்த இடத்திலிருந்து தூக்க வேண்டாம். எழுந்து வரட்டும். பாருல் எதிரே நின்று, முகத்தை நேராகப் பார்த்து, பிறகு தூக்கட்டும். கோழையும் தூக்கக்கூடிய கை எனக்கு வேண்டாம். பார்த்துவிட்டுத் தூக்கும் கை வந்தால், என் தோல்வியை இந்த மேடையிலேயே ஏற்கிறேன்.

தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. யார் அது? பாருலா?

"ஆமா வக்கீல் பாபு, நான்தான். சொல்லுங்க, இப்ப நிக்கணுமா, உக்காரணுமா?"

உட்காருங்கள் அம்மா. தயவுசெய்து உட்காருங்கள். இன்று எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாங்கள்.

பொறுமையோடு செவி கொடுத்த தலைவருக்கும், குறுக்கே பேசியாவது கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் என் நன்றி உரியது. இனி வாக்கு உங்களுடையது. வணக்கம்.