அடுத்த வருடம் கட்டாயம் போகிறோம்

அந்த நாட்டுக்கு எப்போதாவது போவதாக இருந்தால், மேடம், திங்கட்கிழமை மட்டும் தலைநகரில் இறங்காதீர்கள். அருங்காட்சியகங்களுக்கு அன்றைக்கு விடுமுறை. முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு நேரே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நீங்கள் செவ்வாய்க்கிழமை இறங்குங்கள். காலையில் பழைய அரண்மனை, வெயில் ஏறியதும் அருங்காட்சியகம், சாயங்காலம் ஆற்றுப் பாலம். அரண்மனைக்கு ஏழு வாசல். தூக்கத்தில் யாராவது கொன்றுவிடுவார்களோ என்று அதைக் கட்டிய ராஜாவுக்குப் பயம். அதனால் தினம் ஒரு வாசல் வழியாக நுழைந்து தினம் ஓர் அறையில் படுப்பானாம். கடைசியில் சளிக்காய்ச்சலில் செத்தான்.

நான் போனதில்லை. ஆனால் கண்ணைக் கட்டி அங்கே விட்டாலும் தெருத் தெருவாக வழி சொல்வேன்.

நீங்கள் கேட்பது மாத்திரையைப் பற்றி. சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த நகரத்தில் எந்நேரமும் யாராவது ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பார். உடனே இவருடைய போன் அடிக்கும். எங்கள் கல்யாணத்தன்றே மண்டபத்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட என் பெரியப்பாவை, மாப்பிள்ளைக் கோலத்தில், கையெல்லாம் கிரீஸோடு வெளியே எடுத்தவர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்கப்புறம் இருபது வருடத்துக்கும் மேலாக நான் தட்டவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தட்டில் சோறு போடுவேன், போன் அடிக்கும், மூடி வைப்பேன். நல்ல மனிதர். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசுவதற்கு வீட்டில் இருந்தால்தானே.

ஒரு நாள் ஏதோ பயண நிறுவனத்தின் லிஃப்டைச் சரிபார்க்கப் போன இடத்தில் அவருக்கு ஒரு வண்ணப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

"இங்க பாரேன். இந்தக் கோபுரத்துக்கு முந்நூறு படிக்கு மேலயாம். லிஃப்டே கிடையாதாம்."

"அந்தக் காலத்துல ஏதுங்க லிஃப்டு?"

"அதான் கேக்கறேன். ராணிக்கு மூட்டுவலி வந்தா யாரைக் கூப்பிட்டிருப்பா?"

"உங்களைத்தான். நீங்களும் சோத்தைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடியிருப்பீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். போன் அடித்தது. எடுத்து, கூட வேலை செய்கிறவரிடம், "நீயே போய்ப் பாத்துடுப்பா, நான் ஒரு முக்கியமான வேலையில இருக்கேன்" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை முக்கியமான வேலை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, மேடம்.

அன்றிலிருந்து தினமும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். பெரிய வரைபடம் ஒன்று வாங்கினோம். நாலு மூலையிலும் நாலு ஸ்பானரை வைத்து அதைப் படிய வைப்பார். நான் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து படித்துச் சொல்வேன். எனக்குக் 'கைடம்மா' என்று பெயர் வைத்தார். "கைடம்மா, இந்த மண்டபத்துல இருக்கற சிங்கத்துக்கு ஏன் மூக்கு இல்ல?" என்பார். "படையெடுத்து வந்தவன் உடைச்சுட்டான், கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காம வரிசையில வாங்க" என்பேன். அந்த ஊர் பாஷையில் இருபது முப்பது வாக்கியம் கற்றுக்கொண்டோம். நான் கடைக்காரியாக உட்காருவேன், அவர் கம்பளம் வாங்க வருவார். எங்கள் வீட்டு மிதியடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேரம் பேசுவோம். மாடி வீட்டு அம்மா ஒரு தடவை கதவைத் தட்டி, ஏதாவது சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் தடவை பயணம் தள்ளிப்போனதற்கு நான் காரணமில்லை. கிளம்புகிற வாரம் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. நான் அழுதேன். "இதுக்குப் போய் அழுவாங்களா? வசந்த காலத்துல போவோம், இன்னும் ரெண்டு ஊரைச் சேர்த்துக்கலாம்" என்றார். அப்படியே சேர்த்தோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் தெற்குக் கடற்கரைக் கோட்டைகளில் இருந்தோம். நானும் அவரும், அந்த மேசையில்.

மாடி வீட்டுத் தம்பதியும் அந்தச் சமயத்தில் எங்கேயோ போய்விட்டு வந்தார்கள். வந்த மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். அந்த அம்மா தனியாக மூட்டை மூட்டையாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ம், நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். போய்வந்தால் தீர்ந்துபோகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வசந்த காலப் பயணம் நெருங்கியபோது நடந்த குளியலறை விஷயத்தில் என் வீட்டுக்காரரை நான் தள்ளவில்லை. சோப்புத் தண்ணீரைக் கழுவிவிடாமல் வந்தேன், அவர் உள்ளே போவது தெரிந்தும் சொல்லவில்லை. வழுக்கி விழுந்ததில் கணுக்காலில்தான் அடி. கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்தார். வலிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வடக்கே மலைமேல் உள்ள மடங்கள் எல்லாவற்றையும் அந்த மாதத்தில்தான் முடித்தோம். கட்டின் மேல் ஏழு வாசல் அரண்மனையைப் பேனாவால் வரைந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு லிஃப்ட் வைத்தார். அவ்வளவு குஷி அவருக்கு.

இனிமேல் மாத்திரை.

மறுபடி நாள் குறித்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இது கட்டுக்குள்ள வரட்டும், அப்புறம் விமானத்துல ஏறுங்க" என்றார். சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கிற வைட்டமின் மாத்திரையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். கிழமைக்கு ஒரு குழி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நான்தான் எடுத்து வைப்பேன். நான் நீட்டுவதை அவர் பார்க்கக்கூட மாட்டார், அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவார். அவ்வளவு நம்பிக்கை.

நான் விஷம் வைக்கவில்லை, மேடம். வைட்டமினால் யாருக்கு என்ன கெடுதல்? டாக்டர் பார்க்கிற அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். காட்டியது. பயணம் தள்ளிப்போனது. டாக்டர் பாவம், குழம்பிப்போய் வீரியமான மாத்திரையாக மாற்றி மாற்றி எழுதினார். அதையெல்லாம் வாங்கி அலமாரியில் அடுக்கினேன். டப்பாவில் மாற்றம் எதுவும் செய்யவில்லை.

பிறகு அவருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. "எழுத்தெல்லாம் ஆடுது கைடம்மா, நீயே படி" என்பார். கண்ணை மூடித் தலையை என் தோளில் சாய்த்துக்கொள்வார். நான் படிப்பேன். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த நாட்கள் அவைதான். வேலையைக்கூடக் குறைத்துக்கொண்டார். இந்த நகரத்து ஜனங்கள் லிஃப்டுக்குள் கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். நான் காத்திருக்கவில்லையா?

அன்றைக்குக் காலையில் கம்பளக் கடை விளையாட்டில் இருந்தோம். நான் விலை சொன்னேன். அவர் பதில் சொன்னார், வார்த்தை குழறியது. அந்த ஊர் பாஷையில் புதிதாக ஏதோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "கட்டுப்படியாகாது ஐயா, வேற கடை பாருங்க" என்றேன். அவர் திரும்பவும் அதையே சொன்னார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கையிலிருந்த தேநீர் மேசையில் கொட்டியது. நான் முதலில் வரைபடத்தை எடுத்து மடித்து உள்ளே வைத்தேன். தேநீர்க் கறை போகாது. அப்புறம்தான் மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒத்தாசைக்கு என் நாத்தனார் வந்தாள். அவருக்குத் தங்கை. அவளுக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. கொண்டு வந்தது தீர்ந்துவிட்டதென்று ஒரு நாள் அலமாரியிலிருந்த அந்தப் பழைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எதையும் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. அவளுக்கு மாத்திரையை முழுசாக விழுங்க வராது, கடித்துத்தான் தின்பாள்.

"என்ன அண்ணி, பி.பி. மாத்திரை மிட்டாய் மாதிரி இனிக்குது?"

நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். "அது வைட்டமின்" என்றேன்.

"அப்ப அண்ணனோட மாத்திரை?"

மேல் தட்டைக் காட்டினேன். அவள் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். பிரிக்காத அட்டைகள் வரிசையாக இருந்தன. இறங்கியவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் உனக்கு என்ன அண்ணி கொறை வெச்சான்?"

"ஒரு குறையும் வைக்கலை. அதனாலதான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியவில்லை என்று தெரிகிறது. பரவாயில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: மாற்றி வைத்தது நான்தான், ஒன்றரை வருடமாக, தெரிந்தேதான். ஆனால் மற்ற பெண்சாதிகள் புருஷனுக்கு ஒரு வாரத்து உல்லாசப் பயணம் கொடுத்திருப்பார்கள். நான் நாலு வருடம் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவரைக் காட்டினீர்கள், அதற்கு நன்றி. உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்த நாத்தனார் எல்லாவற்றையும் அவர் காதிலும் சொல்லிவிட்டாளாம். சொல்லட்டும், எங்களுக்குள் ஒளிவு மறைவு எதற்கு. அவருடைய இடது கை நன்றாக இருக்கிறது. சரி என்றால் ஒரு தடவை, வேண்டாம் என்றால் இரண்டு தடவை கையை அழுத்தும்படி நர்ஸ் பழக்கியிருக்கிறார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் கட்டாயம் போறோம், நானே சக்கர நாற்காலியில தள்ளிட்டுப் போறேன், சரியா?" என்றேன். அவர் என்னையே பார்த்தபடி இரண்டு தடவை அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு தடவை, விரல் நோக அழுத்தினார். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு தடவை அழுத்தினாலே போதும், மேடம். ஆசையை அடக்க முடியவில்லை அவருக்கு.