பணிவானவர் என்று எழுதிய தாள்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிய இரண்டு பெரியவர்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். விமானப்படையில் தங்களோடு வேலை பார்த்த மெக்கானிக் ராகவனின் இரங்கல் கூட்டத்துக்கு ஸ்ரீரங்கம் போகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. தொப்பிக்காரர் கையில் ஒரு தாள் இருந்தது.

"அவன் பையன் எழுதிக் குடுத்ததை நான் படிக்க மாட்டேன். ராகவன் பணிவானவனாம்! யாரு சொன்னது?"

"செத்தவனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லேன்டா," என்றார் கண்ணாடிக்காரர்.

"நல்லதைத்தான் சொல்லப் போறேன். எஞ்சின் சத்தம் சரியில்ல, பறக்கலாம்னு கையெழுத்துப் போட மாட்டேன்னு ஆபீசர் முன்னாடி நின்னானே, மறந்துட்டியா?"

"எப்படி மறக்கும்?"

"பிரிச்சுப் பாத்தா உள்ள விரிசல். அவன் பணிவா இருந்திருந்தா பைலட் அன்னிக்கே போயிருப்பான்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது.

"பையனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. ராகவன் வீட்ல சொல்லிக்கவே இல்ல."

"மேடையில சொன்னா பையன் கோவிச்சுக்குவான்."

"கோவிச்சுக்கட்டும். அப்பன் யாருன்னு தெரிஞ்சுக்கட்டும்."

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்க இருவரும் எழுந்தபோது, கண்ணாடிக்காரர் அந்தத் தாளை வாங்கிக் கிழித்தார்.

"சொல்றதுன்னா முழுசா சொல்லு. ஆபீசருக்குப் பயந்துபோய், கையெழுத்தைப் போட்டுத் தொலைடான்னு அவன் கையப் பிடிச்சுக் கெஞ்சினது நாம ரெண்டு பேரும்தான்."